கன்றின் மூக்கு உயரத்தில் கொட்டகை எப்படி இருக்கிறது?

மாடு வாங்கப் போகிறேன், என்ன தீவனம் போடுவது, எத்தனை லிட்டர் கறக்கும் என்று கேட்பவர்கள் நிறைய. பிறக்கப்போகும் கன்று எங்கே படுக்கும் என்று கேட்டவர் ஒருவரைக்கூட நான் இதுவரை பார்த்ததில்லை. கொட்டகை கட்டும்போது கறவை மாட்டுக்கு இத்தனை அடி, தீவனத் தொட்டிக்கு இத்தனை அடி என்று அளந்து போட்டுவிட்டு, மிச்சமிருக்கும் மூலையைக் கன்றுக்கு விடுகிறோம். காற்று வராத, வெளிச்சம் விழாத, பெரிய மாட்டின் மூத்திரம் வழிந்து வந்து தேங்குகிற மூலையாகத்தான் அது பெரும்பாலும் அமையும். அப்புறம் கன்றுக்குச் சளி பிடித்தாலோ கழிச்சல் கண்டாலோ ஊசி போட ஆள் தேடி ஓடுகிறோம்.

எனக்கும் இது பட்டுத்தான் தெரிந்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு கார்த்திகை மாதம், கோபிப் பக்கம் எங்கள் கட்டுத்தரையில், பிறந்து 12 நாளான ஜெர்சி கலப்புக் கிடேரி (பெண் கன்று) ஒன்று இருமத் தொடங்கியது. விடாத மழை என்பதால் நான்கு பக்கமும் தார்ப்பாயை இறக்கி இறுக்கிக் கட்டியிருந்தோம், கன்றுக்குக் கதகதப்பாக இருக்கட்டும் என்றுதான். வந்த கால்நடை டாக்டர் பையைக்கூடத் திறக்கவில்லை, நேராகக் கன்றுக்குப் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டு, "இங்க வந்து முட்டி போட்டு ரெண்டு நிமிஷம் உட்காரு தம்பி" என்றார். உட்கார்ந்தேன். கால்சட்டை முட்டியில் ஈரம் ஏறுவது ஒரு நிமிடத்துக்குள் தெரிந்தது. அடுத்து மூக்கில் சுருக்கென்று ஒரு காரம், கண்ணில் தண்ணீர். நின்றுகொண்டிருந்தபோது இதில் எதுவுமே எனக்குத் தெரியவில்லை. "உன் உயரத்துல கொட்டாய் நல்லாத்தான் இருக்கு, அதோட உயரத்துல வந்து பார்த்தியா?" என்று கேட்டுவிட்டு அப்புறம்தான் மருந்தை எடுத்தார்.

அந்தக் கிடேரி பிழைத்துக்கொண்டது. ஆனால் கூடப் பிறந்த பருவத்துக் கிடேரிகள் இரண்டரை வயதில் கன்று ஈன்றபோது, இது நான்கு வயதை நெருங்கித்தான் ஈன்றது. சிறு வயதில் நுரையீரலில் விழுந்த அடி அப்படித்தான், இருமல் நின்றுவிடும், பாதிப்பு உள்ளே தங்கிவிடும், வளர்ச்சியிலும் பிற்பாடு பாலிலும் அது தெரியும்.

இந்தக் கட்டுரை முழுவதும் அந்த முட்டி போட்டு உட்காரும் விஷயம்தான். கன்றின் சுற்றுச்சூழல் என்றால் மரம், மலை, தட்பவெப்பம் என்று பெரிதாக யோசிக்க வேண்டாம். தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குள் இருக்கும் காற்று, ஈரம், சூடு, குளிர், படுக்கை, ஈ, கயிறு, பக்கத்தில் துணைக்கு யார் என்பது, இவ்வளவுதான். கன்று ஒரு நாளில் 16 முதல் 18 மணி நேரம் படுத்தே கிடக்கிறது. அதனால் அதன் உலகம் நம் முழங்காலுக்குக் கீழே முடிந்துவிடுகிறது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கன்றைச் சின்ன மாடு என்று நினைத்தால் எல்லாக் கணக்கும் தப்பாகிவிடும். பெரிய மாட்டின் முதல் வயிறு எப்போதும் எரிகிற அடுப்பு மாதிரி, உள்ளே தீவனம் நொதித்துக்கொண்டே இருப்பதால் சூடு வந்துகொண்டே இருக்கும். கன்றுக்கு அந்த வயிறு வேலை செய்யவே இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அதுவரை குடித்த பாலை எரித்துத்தான் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள வேண்டும். தோலுக்கடியில் கொழுப்பும் மிகக் கொஞ்சம். 20, 25 கிலோ உடம்புக்கு வெளித்தோலின் பரப்பு அதிகம் என்பதால் உள்ளே உண்டாகும் சூடும் சீக்கிரம் வெளியே போய்விடும். இதெல்லாம் போதாதென்று, பிறக்கும்போது நோயை எதிர்க்கும் சக்தி அதன் ரத்தத்தில் ஏறக்குறைய இருக்கவே இருக்காது. மனிதக் குழந்தைக்குத் தாயின் வயிற்றிலேயே கொஞ்சம் கிடைத்துவிடுகிறது, மாட்டின் நஞ்சுக்கொடி வழியாக அது கன்றுக்குப் போகாது. சீம்பால் ஒன்றே வழி. அதுவும் பிறந்த சில மணி நேரத்துக்குள் போக வேண்டும், ஏனென்றால் சீம்பாலில் இருக்கும் எதிர்ப்புப் பொருளை முழுசாக உறிஞ்சிக்கொள்கிற அந்தக் குடல் கதவு 24 மணி நேரத்துக்குள் மூடிவிடுகிறது. கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது இரண்டு இரண்டரை லிட்டர் சீம்பால், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நஞ்சுக்கொடி விழட்டும், அப்புறம் குடிக்க விடலாம் என்று காத்திருக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.

சீம்பாலைப் பற்றி இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நல்ல சீம்பால் குடித்த கன்று சுமாரான கொட்டகையையும் தாங்கும். சீம்பால் சரியாகக் கிடைக்காத கன்றுக்கு எவ்வளவு சுத்தமான இடமும் போதாது. கொட்டகையையும் சீம்பாலையும் தனித்தனி விஷயமாகப் பார்த்தால் ஒன்றின் குறையை இன்னொன்றின் மேல் போட்டுவிடுவோம்.

சரி, குளிருக்கு வருவோம். நம் ஊரில் எங்கே குளிர் என்று கேட்பீர்கள். பிறந்து மூன்று வாரம் வரைக்கும் கன்றுக்குச் சௌகரியமான வெப்பநிலை ஏறக்குறைய 15 முதல் 25 டிகிரி செல்சியஸ். ஊட்டி, கொடைக்கானல் பக்கத்தை விட்டால் நம் சமவெளியில் மார்கழி ராத்திரிகூட இதற்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. ஆனால் இந்தக் கணக்கு காய்ந்த ரோமத்தோடு, காற்றடிக்காத இடத்தில், காய்ந்த படுக்கையில் கிடக்கும் கன்றுக்குத்தான் பொருந்தும். ரோமத்துக்கு நடுவே அடைபட்டிருக்கும் காற்றுதான் கன்றின் போர்வை. ரோமம் நனைந்து ஒட்டிவிட்டால் அந்தப் போர்வை போய்விட்டது. அதற்கு மேல் சிமென்ட் தரையில் வெறுமனே படுத்தால் வயிற்றுப் பக்கமிருந்து தரை சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மேலே சாரலோடு காற்று வந்து மிச்சத்தையும் வாங்கிக்கொண்டு போகும். வெப்பமானி 20 டிகிரி காட்டும்போதே அந்தக் கன்று குளிரில் நடுங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் ஊர்க் கன்றுகள் அதிகம் விழுவதற்கு இந்த ஈரமும் காற்றும் சேர்ந்து வருவதுதான் பெரிய காரணம்.

குளிரில் கன்று பாலை வளர்ச்சிக்குச் செலவழிக்காது, முதலில் சூட்டுக்குத்தான் செலவழிக்கும். இரண்டு லிட்டர் பாலோடு கன்றை நிறுத்திவிட்டு மிச்சம் முழுவதையும் கேனில் ஊற்றுகிற வீட்டில், மழைக்காலத்துக் கன்று எலும்பும் தோலுமாக நிற்பதற்கு வேறு நோயே தேவையில்லை. அந்த மாதங்களில் ஒரு வேளைக்கு அரை லிட்டராவது கூடுதலாக விடுங்கள்.

படுக்கைக்கு எளிய சோதனை ஒன்று இருக்கிறது, வெளிநாட்டுப் பண்ணைகளில் மூன்று மதிப்பெண் வைத்துப் பார்க்கிறார்கள். கன்று படுத்திருக்கும்போது மடக்கிய கால்கள் முழுசாகக் கண்ணுக்குத் தெரிந்தால் 1, பாதி வைக்கோலுக்குள் புதைந்திருந்தால் 2, கால் தெரியவே இல்லை, கூட்டுக்குள் கோழி உட்கார்ந்த மாதிரி புதைந்து கிடக்கிறது என்றால் 3. குளிர் மாதத்தில் 3 வேண்டும். நமக்கு வைக்கோல் தீவனம், விலையும் அதிகம், அதைப் போய்க் கீழே போடுவதா என்று மனசு வராது, நியாயம்தான். மாடு கழித்துப்போட்ட வைக்கோல், கரும்புச் சோகை (காய்ந்த கரும்புத் தோகை), கடலைத் தோல், உமி, மரத்தூள் என்று ஊருக்கு ஏற்றதைப் போடலாம், காய்ந்திருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. மரத்தூளும் உமியும் ஈரத்தை இழுக்கும், ஆனால் கன்று புதைந்துகொள்ள உதவாது. அதனால் அவற்றைக் கீழே பரப்பி, மேலே சோகையோ வைக்கோலோ போடுவது எனக்குச் சரிப்பட்டு வந்திருக்கிறது. மணல் வெயில் காலத்தில் அருமை, மழைக்காலத்தில் ஜில்லிட்டுப் போகும். ரப்பர் பாய் மட்டும் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், பாய்க்கடியில் மூத்திரம் தேங்கி அதுவே ஒரு சாக்கடையாகிவிடும்.

படுக்கை காய்ந்திருக்கிறதா என்று பார்க்கக் கையால் தொட்டுப் பார்ப்பது போதாது, மேல்புறம் காய்ந்தே இருக்கும். முட்டி போட்டு உடம்பு எடையை இறக்கி அரை நிமிடம் இருங்கள், கீழே இருக்கும் ஈரம் துணியில் ஏறுகிறதா இல்லையா என்பது தானாகத் தெரியும்.

அடுத்து காற்று. இங்கேதான் அக்கறையுள்ளவர்களே அதிகம் தப்பு செய்கிறார்கள், நான் செய்த மாதிரி. குளிருக்குப் பயந்து எல்லாப் பக்கத்தையும் அடைத்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். மூத்திரத்தில் யூரியா இருக்கிறது, சாணத்தில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதை அமோனியா வாயுவாக மாற்றுகின்றன. சாணமும் மூத்திரமும் கலந்து தேங்கிய இடத்திலிருந்து அது கிளம்பிக்கொண்டே இருக்கும். கிளம்புகிற இடத்திலேயே மூக்கை வைத்துக்கொண்டு கன்று படுத்திருக்கிறது. மூச்சுக்குழாயின் உள்சுவரில் மெல்லிய மயிரிழை மாதிரி இழைகள் வரிசையாக இருக்கின்றன, உள்ளே போகிற தூசியையும் கிருமியையும் சளியோடு சேர்த்து மேலே தள்ளி வெளியேற்றுவது அவற்றின் வேலை. அமோனியா அவற்றைத்தான் முதலில் முடக்குகிறது. காவல்காரன் மயங்கி விழுந்தபிறகு, கன்றின் தொண்டையிலேயே சும்மா இருந்த பாஸ்டுரெல்லா மாதிரிக் கிருமிகள் நுரையீரலுக்குள் இறங்கிவிடுகின்றன. நிமோனியா இப்படித்தான் வருகிறது. உங்கள் கண் எரிகிற அளவுக்கு வாடை இருந்தால், கன்றுக்கு அது பல நாளாகவே அதிகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடைத்த கொட்டகையில் ஈரப்பதமும் ஏறும், காற்றில் மிதக்கும் கிருமிகள் ஈரக்காற்றில் அதிக நேரம் உயிரோடு இருக்கும். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. பெரிய மாடுகள் நிற்கும் கொட்டகையில் அவற்றின் உடம்புச் சூட்டில் காற்று லேசாகி மேலே எழுந்து கூரை இடைவெளி வழியாக வெளியேறும், பக்கவாட்டிலிருந்து புதுக்காற்று தானாக உள்ளே வரும். நாலைந்து கன்றுகளின் சூட்டுக்கு அந்தப் பலம் கிடையாது. கூரை உச்சியில் திறப்பு விட்டிருக்கிறேன், போதும் என்று கன்றுக் கொட்டகையில் இருந்துவிட முடியாது. பக்கச் சுவரின் மேல்பாதி திறந்தே இருக்க வேண்டும்.

அப்படியானால் சாரலும் குளிர்காற்றும் கன்றின் மேல் அடிக்காதா? அதற்குத்தான் உயரக் கணக்கு. கன்று படுத்து எழும் மூன்று, மூன்றரை அடி வரைக்கும் சுவரோ பலகையோ கோணிச் சாக்கோ கட்டி அடைத்துவிடுங்கள், அதற்கு மேலே திறந்துவிடுங்கள். சாரல் அடிக்கிற திசையில் மட்டும் தார்ப்பாயை மேலிருந்து இறக்கலாம், எதிர்ப்பக்கம் திறந்தே இருக்கட்டும். கன்றின் தலைக்கு மேலே காற்று ஓட வேண்டும், கன்றின் முதுகில் ஓடக் கூடாது. மழைக்காலத்துக்கு இந்த ஒரு ஏற்பாடு போதும், பாதி இருமல் வராது.

வெயில் காலத்தில் இதே கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். ஈரோடு, கரூர் பக்கம் சித்திரையில் 40 டிகிரியைத் தொடுகிற நாட்கள் உண்டு. தகர ஷீட்டோ சிமென்ட் ஷீட்டோ தாழ்வாகப் போட்டிருந்தால், நிழலில் இருக்கிறது என்று நாம் நினைக்கும் கன்று உண்மையில் ஒரு தோசைக்கல்லுக்குக் கீழே இருக்கிறது. கலப்பினக் கன்றுகளுக்கு இது கூடுதல் கஷ்டம். சமவெளிக்கு ஜெர்சி, மலைப்பகுதிக்கு ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் என்று நம் மாநிலத்தில் இனச்சேர்க்கைக்குப் பிரித்து வைத்திருப்பதற்கே வெயில் ஒரு காரணம். நம் நாட்டு இனங்களான காங்கேயம், பர்கூர் கன்றுகள் வெயிலில் துள்ளிக்கொண்டு திரிவதைப் பார்த்துவிட்டு ஃப்ரீசியன் கலப்புக் கன்றையும் அதே வெயிலில் கட்டக் கூடாது.

சூடு தாங்கவில்லை என்பதை விலாவைப் பார்த்தே சொல்லிவிடலாம். சும்மா படுத்திருக்கும் கன்று நிமிடத்துக்கு 30லிருந்து 40 முறை மூச்சு விடும். கைப்பேசியில் ஒரு நிமிடம் வைத்து எண்ணுங்கள். 60ஐத் தாண்டினால், வாயைத் திறந்து எச்சில் வடித்தால், பாலுக்கு எழுந்து வராமல் கிடந்தால், உடனே இடத்தை மாற்ற வேண்டும். நல்ல வேப்ப மரத்தடியும் புங்க மரத்தடியும் எந்தக் கூரையையும் விடக் குளிர்ச்சி, பகலில் கன்றை அங்கே விட்டுவிடலாம். ஷீட்டின் மேல் சுண்ணாம்பு அடிப்பது, தென்னங்கீற்று பரப்புவது இரண்டும் செலவில்லாத வேலை, வித்தியாசத்தை அன்றைக்கே கையை ஷீட்டுக்கடியில் நீட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். புதிதாகக் கட்டுபவர்கள் கொட்டகையின் நீளவாட்டத்தைக் கிழக்கு மேற்காக வையுங்கள், சாய்வெயில் உள்ளே நுழைவது குறையும். பாலைக் காலை வெயிலுக்கு முன்பும் மாலை தாழ்ந்தபிறகும் கொடுங்கள். பால் வாளியை அன்றன்றைக்கே சுடுநீரில் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும், வெயில் நாளில் கழுவாத வாளியில் கிருமி பெருகுவதற்கு ஒரு மதியம் போதும்.

சூடு கன்றைப் பிறப்பதற்கு முன்பே தொடும் என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. அமெரிக்காவில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் சினை மாடுகளை வைத்துப் பல வருடம் ஆராய்ந்தார்கள். கடைசி இரண்டு மாதம் வெயிலில் வாடிய மாடுகளின் கன்றுகள் எடை குறைவாகப் பிறந்தன, சீம்பாலிலிருந்து எதிர்ப்புச் சக்தியை உறிஞ்சுவதிலும் பின்தங்கின. பால் வற்றிய சினைமாடுதானே என்று அதை வெயிலில் கட்டிவிட்டுக் கறவை மாட்டை நிழலுக்குக் கொண்டுபோகிற பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது.

தண்ணீரையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பால் குடிக்கிறதே, தண்ணீர் எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. கன்று பாலை உறிஞ்சும்போது உணவுக்குழாய் முடியும் இடத்தில் ஒரு மடிப்பு குழாய் மாதிரி மூடிக்கொண்டு, பாலை முதல் வயிற்றில் விழாமல் நேராக நான்காவது வயிற்றுக்கு அனுப்பிவிடும். தனியாகக் குடிக்கிற தண்ணீர்தான் முதல் வயிற்றுக்குப் போகும். அங்கே தண்ணீர் இருந்தால்தான் தீவனத்தை நொதிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் வளரும், வயிறும் வளரும். முதல் வாரத்திலிருந்தே ஒரு சின்னச் சட்டியில் சுத்தமான தண்ணீர், கன்றுக்கு எட்டுகிற உயரத்தில், எப்போதும் இருக்கட்டும். பெரிய மாட்டின் கழுநீர்த் தொட்டி அதற்கு எட்டவும் எட்டாது, ஆகவும் ஆகாது.

தரையைப் பற்றிச் சொன்னால் கழிச்சலைப் பற்றிச் சொன்ன மாதிரி. கன்று உலகத்தை வாயால்தான் தெரிந்துகொள்கிறது, சுவரை நக்கும், கயிற்றை மெல்லும், தரையை முகர்ந்து நக்கும். பெரிய மாட்டுக்கு ஒன்றும் செய்யாத கிருமிகள் அதன் சாணத்தில் இருக்கும், அதே தரையில் கன்று நக்கினால் கழிச்சல். முதல் நாலைந்து நாளில் வருவது பெரும்பாலும் ஈ-கோலி, அதற்கப்புறம் ரோட்டா வைரஸ் மாதிரியானவை, மூன்று வாரத்துக்கு மேல் ரத்தத்தோடு கழிந்தால் காக்சிடியா என்கிற ஒட்டுண்ணியைச் சந்தேகிக்க வேண்டும். இந்தக் காக்சிடியாவின் முட்டைகள் ஈரமான தரையில் மாதக்கணக்கில் கிடக்கும், நாம் ஊற்றும் சாதாரணக் கிருமிநாசினிகளில் பலவற்றுக்கு அவை அசைவதில்லை. காய்ச்சலும் வெயிலும்தான் அவற்றைக் கொல்லும், காய்ச்சல் என்றால் தரை காய்ந்து கிடப்பதைச் சொல்கிறேன். அதனால் தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவிக் கன்றின் இடத்தை ஈரமாகவே வைத்திருப்பதைவிட, சாணத்தை வாரி எடுத்துவிட்டு, வாரம் ஒருநாள் படுக்கை முழுவதையும் அள்ளிவிட்டு, தரை வெயிலில் காயும்படி விடுவது நல்லது. ஒரு கன்றை எடுத்து அடுத்த கன்றை விடுவதற்கு முன்னால் சில நாள் இடத்தைச் சும்மா காயவிட்டால் இன்னும் நல்லது.

கழிச்சலில் கன்று சாவது பெரும்பாலும் கிருமியால் நேரடியாக இல்லை, உடம்பில் தண்ணீரும் உப்பும் வற்றிப்போய்த்தான். கண் குழி விழுந்து, கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு உடனே திரும்பாமல் நின்று, வாய்க்குள் விரல் விட்டால் ஜில்லென்று இருந்தால் காத்திருக்கவே கூடாது, டாக்டரைக் கூப்பிட வேண்டும். வருகிற வரைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்கலாம். பாலை நிறுத்திப் பட்டினி போடாதீர்கள்.

பிறந்த அன்று தொப்புள் கொடி பச்சைப் புண். ஈரத்தரையில் அது உரசினால் சீழ் பிடித்து, அதிலிருந்து கிருமி ரத்தத்தில் ஏறி முட்டி வீங்கி நிற்கிற கன்றுகளைப் பார்த்திருப்பீர்கள். டிங்சர் அயோடினில் கொடியை முக்கி எடுப்பது ஒரு நிமிட வேலை. மாடு ஈனுகிற இடத்திலும் சுத்தமான வைக்கோல் போட்டிருக்க வேண்டும், கன்றின் முதல் படுக்கை அதுதானே.

ஈ, உண்ணி, கொசு. கடிக்கிற மாட்டு ஈ, சாணத்தோடு கலந்து மக்குகிற வைக்கோலில்தான் முட்டை வைக்கிறது, ஆக ஈயை வளர்ப்பது நம் கொட்டகை ஓரக் குப்பையே. சில வகை உண்ணிகள் சுவர் வெடிப்பில் ஒளிந்துகொண்டு கலப்பினக் கன்றுகளுக்குத் தைலேரியா காய்ச்சலைக் கொடுக்கின்றன, வெடிப்பைப் பூசிச் சுண்ணாம்பு அடித்தால் பாதி வேலை முடிந்தது. தோல் கழலை நோய் இந்தியாவுக்குள் 2019இல் வந்து 2022இல் நாடு முழுக்கப் பரவியபோது அதைச் சுமந்து திரிந்ததும் இந்தக் கடிக்கும் பூச்சிகள்தான், கன்றுகளுக்கு அது கொடுமையாக வந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், ஈ கொசுவுக்காக ராத்திரி வேப்பிலை மூட்டம் போடுகிற வழக்கத்தைக் கன்று அடைத்த கொட்டகைக்குள் செய்யாதீர்கள். அந்தப் புகையும் அதே நுரையீரலுக்குள்தான் போகிறது. காற்று வரும் திசையில் வெளியே தள்ளிப் போட்டால் போதும், இல்லையென்றால் ஒரு கொசு வலை.

இனி கயிறு. எனக்கு மனசு அதிகம் கஷ்டப்படுவது இதில்தான். பிறந்த பத்தாம் நாள் இரண்டடிக் கயிற்றில் முளையில் கட்டப்படும் கன்று, அப்புறம் மாதக்கணக்கில் பால் குடிக்கும் நேரம் தவிர அந்த வட்டத்தை விட்டு வெளியே வருவதில்லை. தன் சாணத்திலேயே படுக்கிறது, வெயில் நகர்ந்தால் நிழலுக்கு நகர முடியாது, முதுகை நக்கிக்கொள்ளத் திரும்ப முடியாது. இங்கிலாந்தில் 1965இல் பிராம்பெல் என்கிற பேராசிரியர் தலைமையில் அமைந்த குழு பண்ணை விலங்குகளைப் பற்றி அறிக்கை கொடுத்தபோது, எந்த விலங்கும் எழ, படுக்க, திரும்ப, தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்ள, கை கால் நீட்ட இடம் வேண்டும் என்று கேட்டது. எவ்வளவு குறைந்தபட்சக் கோரிக்கை பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் கன்றைக் கட்டிப்போடுவதே சட்டப்படி கூடாது, கூட்டமாக வளர்ப்பவற்றைப் பால் குடிக்கும்போது மட்டும் ஒரு மணி நேரம் வரை கட்டலாம். எட்டு வாரத்துக்கு மேல் தனி அறையில் அடைக்கவும் கூடாது. நம் நாட்டிலும் 1960இன் மிருகவதைத் தடைச் சட்டம், நியாயமில்லாத அளவு குட்டையான கயிற்றில் நியாயமில்லாத நேரம் கட்டி வைப்பதைக் குற்றம் என்றுதான் சொல்கிறது.

கன்றைக் கயிற்றிலிருந்து அவிழ்த்துவிடப் பெரிய செலவு வேண்டாம். ஒரு இளங்கன்றுக்குக் கூரைக்கடியில் 1 சதுர மீட்டர், திறந்தவெளியில் 2 சதுர மீட்டர் என்பது இந்தியாவில் சொல்லப்படும் குறைந்தபட்ச அளவு. மூங்கில் தப்பையில் ஒரு பட்டி அடைத்து இரண்டு மூன்று கன்றுகளை அவிழ்த்துவிட்டால் முடிந்தது. ஏறக்குறைய ஒரே வயதுக் கன்றுகளாகப் பார்த்து விடுங்கள், மூன்று மாதக் கன்றோடு பத்து நாள் கன்றை விட்டால் சின்னது தீவனத்தட்டுப் பக்கமே போக முடியாது. சேர்ந்து வளரும் கன்றுகள் ஒன்றைப் பார்த்து ஒன்று சீக்கிரம் தீவனம் தின்னப் பழகுகின்றன, புது இடத்துக்கும் புது ஆளுக்கும் பயப்படுவதும் குறைவு. ஒன்றின் காதை ஒன்று சப்புகிறதே, தொப்புளைச் சப்புகிறதே என்பார்கள். பெரும்பாலும் பால் போதாமல், இல்லையென்றால் சப்பும் ஆசை தீராமல் செய்வது அது. பால் குடித்து முடித்த கையோடு கொஞ்சம் அடர்தீவனத்தையோ வெல்லம் தடவிய விரலையோ வாயில் வைத்தால் அடங்கும். மண் தின்கிற கன்றுக்கு வாய்க்கூடு போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடாதீர்கள், தாது உப்புக் குறையோ குடற்புழுவோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எருமைக் கன்றுக்குத் தாய்ப்பால் வழியாகவே உருண்டைப் புழு வந்துவிடும் என்பதால் பத்து பதினைந்து நாளிலேயே டாக்டரைக் கேட்டுப் புழு மருந்து கொடுத்துவிட வேண்டும்.

காளைக் கன்றுகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கிடேரிக்குப் படுக்கையும் பாலும் பார்த்துச் செய்கிற வீட்டிலேயே, காளைக் கன்று என்றால் மாடு பால் இறக்குவதற்கு மட்டும் அவிழ்த்துவிட்டு மறுபடி இழுத்துக் கட்டுகிறார்கள். விற்கப்போகிற கன்றுதானே என்பது அதற்குச் சொல்லும் காரணம். விற்கிற நாள் வரைக்கும் அது நம் கொட்டகையில்தான் மூச்சு விடுகிறது. அதன் ஈரமும் குளிரும் கிடேரியின் ஈரமும் குளிரும் ஒன்றுதான், அது சளி பிடித்து இருமினால் பக்கத்தில் இருக்கும் கிடேரிக்கும் அந்தக் காற்றேதான்.

மழைக்கு முன்னால், புரட்டாசிக் கடைசிக்குள் நான் செய்கிற வேலைகளைச் சொல்கிறேன், புதிதாகத் தொடங்குபவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம். கன்றுப் பட்டியின் தரையை வெளிப்பக்கம் சரிவாக இருக்கும்படி கிராவல் மண் போட்டு மேடாக்கிக் கெட்டிப்படுத்துகிறேன், பெரிய மாட்டின் மூத்திரம் இந்தப் பக்கம் வராமல் நடுவில் ஒரு சின்ன வாய்க்கால். கரும்பு வெட்டு நடக்கும் தோட்டத்தில் சொல்லிவைத்து நாலைந்து கட்டு சோகையை வாங்கி நனையாத இடத்தில் அடுக்கிவிடுகிறேன், மழை வந்தபிறகு காய்ந்த சோகை எங்கேயும் கிடைக்காது. மூன்றரை அடிக்குச் சாக்குத் தட்டி. தார்ப்பாய் ஒரே பக்கத்துக்கு மட்டும், சுருட்டி ஏற்றி இறக்குகிற மாதிரி கயிறு போட்டு. அப்புறம் முதல் மழை பெய்து முடிந்த மறுநாள் விடியற்காலையில், இன்னும் யாரும் கொட்டகையைக் கூட்டாத நேரத்தில், உள்ளே போய்க் கன்றுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு இரண்டு நிமிடம் உட்காருகிறேன். முட்டி நனைந்தால் சோகை போதவில்லை, கண் கரித்தால் தார்ப்பாயை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்ற வேண்டும்.